வாசி இல்லாத காசு: பக்திப் பாடலில் பாடியவருக்கு இடம் உண்டா?

மார்கழி 2 (ஒரு வாசகரின் கேள்வி)

"ஐயா, தேவாரத்தையும் திருவாய்மொழியையும் கலை என்றும், பாடியவர்களைக் கவிஞர்கள் என்றும் நீங்கள் தொடர்ந்து எழுதுவது எனக்கு உடன்பாடாக இல்லை. அவர்கள் பாடவில்லை, பாடுவிக்கப்பட்டார்கள். ஞானசம்பந்தரே 'எனதுரை தனதுரையாக' என்று சொல்லியிருக்கிறார். குழலில் இசை வந்தால் ஊதுபவனை வணங்கலாம். குழலின் குணம் என்ன, ஒழுக்கம் என்ன, திறமை என்ன என்று ஆராய்ந்து என்ன பயன்?"

மார்கழி 3, இரவு

இலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில் அந்தத் தொடர் பாடல்தோறும் திரும்ப வருவதால், அதைச் சம்பந்தர் ஏதோ ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார் என்று நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் தொடரில் 'எனதுரை' என்பதுதான் முதலில் நிற்கிறது. தனது என்று சொல்லக்கூடிய ஓர் உரை இருந்தால்தான் அது இன்னொருவருடையதாக மாறுவதைப் பற்றிப் பேச முடியும்.

நம்மாழ்வார் இதே அனுபவத்தை இன்னும் நுட்பமாகச் சொல்கிறார். "என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசனை" என்பது ஏழாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழியில் வருகிறது. பாடியவனும் ஈசன், பாடப்பட்டவனும் ஈசன். நடுவில் 'என்னால்' என்ற ஒரு சொல்லின் அகலம்தான் ஆழ்வாருக்கு. இதுவரையில் நண்பரின் குழல் உவமை செல்லும். அந்தப் பதிகத்தை மேலே படித்தால் அது நின்றுவிடுகிறது. பரமகவிகள் இருக்க, அவர்களைக் கொண்டு பாடுவித்துக்கொள்ளாமல் என்னிடம் வந்தானே என்று ஆழ்வார் திகைக்கிறார். பத்தாம் பாட்டில், இந்த உதவிக்குக் கைம்மாறாக என் உயிரைத் தரலாமா என்று எண்ணி, அதுவும் அவனுடையதே, இங்கும் அங்கும் நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று கலங்குகிறார். குழலுக்குக் கடன்பட்ட உணர்ச்சி வருவதில்லை.

மூன்றாம் பத்தில் இதே வாய்தான் "என் நாவில் இன்கவி யான் ஒருவர்க்கும் கொடுக்கிலேன்" என்றது. செல்வரைப் பாடிப் பிழைக்கும் புலவர்களை நோக்கி, சொன்னால் உங்களுக்குப் பகையாகும், ஆனாலும் சொல்லுவேன் என்று தொடங்கிச் சொன்னது அது. என் நா, யான், கொடுக்கிலேன் என்று மூன்று முறை தன்னை முன்னிறுத்துகிறவரிடம் மறுக்கும் உரிமை முழுதாக இருக்கிறது.

திருமூலரையும் பாருங்கள். "என்னை நன்றாக இறைவன் படைத்தனன், தன்னை நன்றாகத் தமிழ் செய்யுமாறே." 'நன்றாக' இரண்டு முறை வருகிறது. முதலாவது இறைவனின் வேலை, இரண்டாவது திருமூலரின் வேலை. வேலை என்று வந்துவிட்டால் அதில் நன்று உண்டு, தீது உண்டு, பொறுப்பும் உண்டு.

மார்கழி 4

குழல் உவமையைப் பற்றி இன்னும் ஒன்று. கருவியின் இடம் எது என்ற கேள்வி சம்பந்தர் வரலாற்றிலேயே வருகிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவருடன் ஊர் ஊராகச் சென்று பதிகங்களை யாழில் வாசித்தவர். தருமபுரத்தில் பாணருடைய சுற்றத்தார், இவர் யாழில் வாசிப்பதால்தான் பதிகத்திற்கு இத்தனை புகழ் என்று பேசிவிட்டார்கள். கேட்ட பாணருக்கு அது புகழாகத் தோன்றவில்லை, பாவமாகத் தோன்றியது. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாட வேண்டும் என்று அவரே சம்பந்தரை வேண்டினார். "மாதர் மடப்பிடி" பிறந்தது. நரம்பில் அது வரவில்லை. பாணர் யாழை ஓங்கி உடைக்கப் போனார். சம்பந்தர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இயன்ற அளவு வாசியுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்.

யாழ்முறி என்ற பெயர் அந்தப் பதிகத்திற்கு நிலைத்துவிட்டது. யாழோ முறியாமல் தப்பியது. கருவி என்று தன்னை எண்ணியவரையும் வெறும் கருவியாக விட்டுவிடக் குழந்தையான சம்பந்தருக்கு மனம் வரவில்லை.

மார்கழி 6

எனக்குப் பதின்மூன்று வயதில் திருவாசக ஒப்பித்தல் போட்டி ஒன்றில் முதல் பரிசாகப் பித்தளைக் குத்துவிளக்கு கிடைத்தது. நான் ஒப்பித்தது, "யானே பொய், என் நெஞ்சும் பொய், என் அன்பும் பொய், ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே" என்ற பாடல். 'அழுதால்' என்ற இடத்தில் குரலை நடுங்கவிட்டேன். முன் வரிசையில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விளக்கைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பும் வழியில் அப்பா, "அந்த நடுக்கத்தை எங்கே கற்றாய்?" என்று கேட்டார். வானொலியில் என்றேன். அதன் பிறகு வீடு வரும் வரையில் அவர் பேசவில்லை.

அவர் ஏன் பேசவில்லை என்பது பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பாடல் வரும் திருச்சதகத்திலேயே "நாடகத்தால் உன்னடியார் போல் நடித்து" என்ற அடியை நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. அடியார் கூட்டத்தின் நடுவே அடியாரைப் போல் நடித்துக்கொண்டு, வீட்டிற்குள் புகுந்துவிட விரைகிறேன் என்கிறார் மாணிக்கவாசகர். பக்திப் பாடல் எழுதுகிறவருக்கும் பாடுகிறவருக்கும் நேரக்கூடிய முதல் ஆபத்து இது. சொல் உள்ளத்தை முந்திக்கொண்டு போய்விடும். உருக்கம் கைப்பழக்கமாகிவிடும். அதை அவர் மறைக்கவில்லை. இறைவனிடமே, பாட்டிலேயே சொல்லிவிடுகிறார்.

இதே பதிவில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திருச்சதகம் நூறு பாடல்களும் அந்தாதி. ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கம். "யானே பொய்" என்று கதறுகிற பாட்டில் யானே, ஆனால், தேனே, மானே என்று எதுகை பிசகாமல் நிற்கிறது. அழுகிறவருக்கு எதுகை எப்படி வாய்த்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒப்பாரி வைக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எப்படி வாய்க்கிறதோ அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறேன். அந்த விடையில் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. கட்டுக்கோப்பு இருப்பதால் கண்ணீர் பொய்யாகிவிடாது. என் போட்டிக் கண்ணீர் பொய்யானதற்குக் காரணம், அதை நான் முன் வரிசைக்காக வைத்திருந்தேன் என்பதுதான்.

மார்கழி 7

எங்கள் ஊர்க் கோயிலில் ஓர் ஓதுவார் இருந்தார். சாயரட்சை என்ற மாலைப் பூசைக்குப் பஞ்சபுராணம், அதாவது தேவாரம் முதலான ஐந்து நூல்களிலிருந்து ஒவ்வொரு பாட்டு, பாடுவார். கேட்பதற்கு அர்ச்சகர், காவலாளி, நான், சில நாட்களில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண். தேவாரத்திற்கு அப்பரின் முதல் பதிகமான "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" எடுக்கும் நாட்களில் ஒரு பாட்டோடு நிறுத்தாமல் பதிகம் முழுவதையும் கொல்லிப் பண்ணில் பாடுவார். ஆறாம் பாட்டை மட்டும் விட்டுவிடுவார். "சலம் பூவொடு தூபம் மறந்தறியேன், தமிழோடு இசைபாடல் மறந்தறியேன்" என்ற பாட்டு அது. ஐந்திலிருந்து நேராக ஏழு.

சமணத்தில் தருமசேனராக இருந்துவிட்டு, சூலை நோயோடு தமக்கையார் திலகவதியாரிடம் திரும்பி வந்தவர் திருநாவுக்கரசர். அதிகை வீரட்டானத்தில் நின்று, நான் மறந்ததே இல்லை என்று நான்கு முறை சொல்கிறார். எப்படிச் சொன்னார் என்பது உரைகாரர்களுக்கு நெடுநாளைய சிக்கல். ஓதுவார் அந்தப் பாட்டை விடுவதைக் கண்டபோது, அப்பருக்கே கடினமான சொல்லைத் தம் வாயால் எடுக்க அவர் அஞ்சுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். தன்னால் நிற்க முடியாத அடியைப் பாடாமல் விடும் நேர்மை என்று அதை மனத்தில் போற்றி வந்தேன். பாடியவரின் பொறுப்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

மார்கழி 8

ஒரு வாசகர் சரியாகத் திருத்தியிருக்கிறார். இரண்டாம் பாட்டிலேயே "நினையாது ஒருபோதும் இருந்தறியேன்" என்று அப்பர் சொல்லிவிட்டாரே, அதை மட்டும் ஓதுவார் எப்படிப் பாடினார் என்கிறார். என்னிடம் விடை இல்லை. நாற்பது ஆண்டுகளாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

இன்று பதிகத்தை வரிசையாக எழுதிப் பார்த்தேன். ஐந்தாம் பாட்டில், கரையில் நின்றவர்கள் ஆழமான நீரில் என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று வழி தவறியதை அப்பரே சொல்லிவிடுகிறார். அதற்கு அடுத்த பாட்டில்தான் மறந்தறியேன். ஆக, அவர் தவறவில்லை என்று சாதிக்கவில்லை. தள்ளப்பட்டேன், மறக்கவில்லை என்கிறார். நோயில் கிடப்பவர் வீட்டாரிடம் சொல்லும் சொல்லைப் போல அது இருக்கிறது. அந்த ஆறாம் பாட்டில் நீர், பூ, தூபம் என்று பூசைப் பொருள்களை எண்ணிக்கொண்டு வரும்போதே "தமிழோடு இசைபாடல்" என்பதையும் அந்த வரிசையில் வைத்துவிடுகிறார். குடத்துத் தண்ணீர் எப்படியோ பாட்டும் அப்படி. தினமும் கொண்டுவந்து வைக்க வேண்டியது.

மார்கழி 10

சுந்தரரைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் தயங்கிக் கேட்டார். தயங்க வேண்டியதில்லை, சேக்கிழார் தயங்கவில்லை.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது பிரியமாட்டேன் என்று சுந்தரர் மகிழமரத்தடியில் சத்தியம் செய்தார். அதற்கு முன்பே, சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழின் கீழே போய் இருங்கள் என்று இறைவனிடம் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். சத்தியம் சந்நிதியில் நடக்கும், அப்போது இறைவன் அங்கே இருக்கமாட்டான் என்பது கணக்கு. இறைவனோ சத்தியத்தையே மகிழின் கீழ் வாங்கும்படி சங்கிலியாரிடம் சொல்லிவிட்டான். வசந்தம் வந்தது, ஆரூர் நினைவு வந்தது, சுந்தரர் புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் போயின.

அதன்பின் அவர் பாடியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஒரு மனிதன் தன் குற்றத்தோடு நடந்துபோவது தெரியும். வெண்பாக்கத்தில், பிழைகளைப் பொறுப்பாய் என்று நம்பித்தான் பிழைத்தேன், பழியைப் பாராமல் என் கண்ணைப் படலத்தால் மறைத்துவிட்டாயே என்கிறார். அங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோல். காஞ்சியில் இடக்கண். ஆரூருக்கு வந்து நின்றபோது தொனி மாறிவிடுகிறது: "குற்றம் ஒன்றும் செய்ததில்லை, கொத்தை ஆக்கினீர்." கொத்தை என்றால் குருடு. நீரே பழிப்பட்டீர், மற்றைக் கண்ணைத் தராவிட்டால் நீரே வாழ்ந்து போம் என்று வைகிறார். வலக்கண்ணும் வந்தது.

குற்றம் ஒன்றும் செய்ததில்லை என்பது உண்மைக்கு மாறு. சில ஊர்களுக்கு முன்பு அவரே ஒப்புக்கொண்டதற்கும் மாறு. நான் இளமையில் இதைத் தோழமையின் உரிமை என்று மட்டும் விளக்கிவந்தேன். இப்போது அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பாட்டு உயர்ந்தது, மனம் அதில் கரைகிறது, கண்ணும் திரும்பிவிட்டது. அதனால் அந்த வாக்கியம் மெய்யாகிவிடுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். அந்தப் பொய்யையும் அப்படியே காத்து நம்மிடம் தந்தார்களே, அங்கேதான் இந்த மரபின் துணிவு எனக்குத் தெரிகிறது.

இதே சுந்தரர்தான் புகலூரில், வலிமை இல்லாதவனை வீமனே என்றும், கொடுக்காதவனைப் பாரியே என்றும் சொல்லித் திரியும் புலவர்களைக் கண்டித்தவர். பொய் சொல்லிப் பாடாதீர்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னவருக்கு அந்த விதி ஆரூர்ச் சந்நிதியிலும் பொருந்தும்.

மார்கழி 10, பின்னிரவு

சங்கிலியாருக்குப் பதிகம் இல்லை. கண் போனவர் பாடினார், கண்ணை வாங்கிக்கொண்டவன் கேட்டான், ஒற்றியூரில் இருந்த பெண் என்ன நினைத்தார் என்பதற்கு ஓர் அடியும் நம்மிடம் இல்லை. தூக்கம் வராததால் எழுதுகிறேன். பக்திப் பாடலின் அறம் என்று பேசத் தொடங்கினால் பாடாதவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

மார்கழி 14

இதை எழுதலாமா என்று மூன்று நாட்கள் யோசித்தேன்.

சம்பந்தர் பதிகங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலான பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய மாலும் அயனும், பத்தில் சமணரையும் பௌத்தரையும் பழித்தல், பதினொன்றில் தம் பெயர் சொல்லி முடிக்கும் திருக்கடைக்காப்பு. பாராயணம் செய்கிறவர்கள் பத்தாம் பாட்டை வாய்ப்பழக்கமாகக் கடந்து போய்விடுகிறோம்.

என்னோடு பள்ளியில் பணியாற்றிய தமிழ்ச் சமணர் ஒருவர் மேல்சித்தாமூர்ப் பக்கத்துக்காரர். சூரியன் சாய்வதற்குள் உண்டு முடித்துவிடுவார். இன்னொரு நண்பரின் புதுமனை புகுவிழாவில் என்னைச் சம்பந்தரின் கோளறு பதிகம் பாடச் சொன்னார்கள். இவர் என் எதிரில் பாயில் அமர்ந்திருந்தார். ஏழு, எட்டு, ஒன்பது என்று வரவர எனக்குப் பத்தாம் பாட்டு தெரிகிறது. புத்தரையும் அமணரையும் வாதில் அழிவிக்கும் திருநீறு என்ற அடி அதில் இருக்கிறது. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டேன். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அவர் என்னிடம், "சார், குரலைத் தாழ்த்தாதீர்கள். தாழ்த்தினால் அது எனக்கென்றே பாடியது போல் ஆகிவிடுகிறது" என்றார். கோபமில்லாமல் சொன்னார். எனக்கு இன்றும் காது கூசுகிறது.

முதல் நாள் கேள்வி கேட்ட நண்பரிடம் இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். பாடியவர் வெறும் குழல் என்றால் பத்தாம் பாட்டின் பழி யார்மேல் சேரும்? ஊதியவன்மேல் அல்லவா? ஏழாம் நூற்றாண்டில் அரசும் மடமும் ஆதரவும் கைமாறிய ஒரு சண்டையின் சூட்டை, எல்லா உயிருக்கும் தந்தை என்று நாம் சொல்பவன்மேல் ஏற்ற என்னால் முடியவில்லை. அந்தச் சூடு பாடியவருடையது, அவர் காலத்தினுடையது என்று சொல்வதில்தான் இறைவனுக்கு மரியாதை இருக்கிறது. சம்பந்தரும் பதினொன்றாம் பாட்டில் தம் பெயரை வைத்துவிட்டுத்தான் போகிறார்.

மார்கழி 15

எதிர்ப்புகள் வந்திருக்கின்றன. கடுமையானவற்றை நான் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்று மட்டும் வலுவானது: திருக்கடைக்காப்பில் பெயர் வருவது பொறுப்பேற்பதற்காக அன்று, ஓதுபவர் பெறும் பயனைச் சொல்வதற்காக என்கிறார் ஒருவர். உண்மைதான். நான் எழுதியது அவசரம்.

ஆனால் அந்தப் பயனை அவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். கோளறு பதிகத்தின் கடைசி அடி, இதை ஓதும் அடியார்கள் "வானில் அரசாள்வர் ஆணை நமதே" என்று முடிகிறது. இறைவன் ஆணை என்று சொல்லவில்லை. நமதே என்கிறார். ஓதுகிற முன்பின் தெரியாத ஒருவருக்காகத் தன்னையே பிணையாக வைக்கிறார். எங்கள் பக்கத்தில் கடன் பத்திரத்தில் சாமீன் கையெழுத்துப் போடுகிறவரைப் போல. பொறுப்பு என்ற என் சொல்லை மாற்றிக்கொண்டு, பிணை என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்கழி 19

மார்கழி 7 அன்று ஓதுவாரைப் பற்றி எழுதியது தவறு. அவருடைய மகளிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். சாயரட்சையில் கேட்கவந்த அந்தக் கல்லூரிப் பெண் அவர்தான். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்.

"அப்பா அந்தப் பாட்டை விட்டதே இல்லையே" என்றார். காலையில் நடை திறப்பதற்கு முன் ஓதுவார்தான் கோயில் கிணற்றில் நீர் இறைத்துத் தொட்டியை நிரப்புவாராம். நந்தவனத்தில் பூப்பறித்து வைப்பாராம். அது அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்த வேலை இல்லை. இறைக்கும்போது ஆறாம் பாட்டைப் பாடுவார். அந்த நாளுக்கு அது முடிந்துவிட்டது, ஆகவே மாலையில் அதை எடுக்கமாட்டார். "நீங்கள் மாலையில் மட்டும்தானே வருவீர்கள், அண்ணா" என்றார்.

நேர்மை, அச்சம், நிற்க முடியாத அடி என்று நான் கட்டிய கோபுரத்திற்குக் கீழே ஒரு கிணறுதான் இருந்திருக்கிறது. இரண்டாம் பாட்டைப் பற்றிக் கேட்ட வாசகருக்கும் இதுவே விடை. சலம் என்று பாடும்போது அவர் கையில் சலம் இருந்தது.

மார்கழி 20

நேற்றைய செய்தி என்னைத் திருவீழிமிழலைக்குக் கொண்டுபோய்விட்டது.

பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் அங்கே தங்கி அடியார்களுக்கு உணவளித்தார்கள். இறைவன் நாள்தோறும் கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் ஒவ்வொரு காசு வைத்தான். அப்பர் மடத்தில் சோறு நேரத்தோடு ஆகிவிடும். சம்பந்தர் மடத்தில் தாமதம். ஏன் என்று அவர் கேட்டபோது சமைப்பவர்கள் காரணம் சொன்னார்கள்: நமக்குக் கிடைக்கும் காசுக்குக் கடைக்காரர்கள் வாசி கேட்கிறார்கள், அதாவது காசின் தரம் குறைவு என்று வட்டம் (கழிவு) பிடிக்கிறார்கள், அப்பர் காசை அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள்.

காரணத்தைச் சேக்கிழார் ஒளிக்கவில்லை. உமையிடம் பால் உண்ட சம்பந்தர் இறைவனுக்கு மகன் ஆகையால் வாசியோடு பெற்றார். நாவுக்கரசர் "கைத்தொண்டு ஆகும் அடிமையினால்" வாசி இல்லாத காசு பெற்றார். பாட்டில் இருவருக்கும் குறைவில்லை. அப்பர் கூடவே உழவாரத்தை எடுத்துக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அந்த வித்தியாசம் கடைவீதியில், பருப்பு வாங்கப் போன இடத்தில் தெரிந்துவிட்டது.

நான் மிகவும் மதிப்பது அதற்கு அடுத்து நடந்ததை. சம்பந்தர் சினக்கவில்லை, பிள்ளை என்ற உரிமையைப் பேசவில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடினார். இன்னொரு பாட்டில் "கறைகொள் காசினை முறைமை நல்குமே" என்கிறார். தமக்கு வந்த காசில் கறை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டார். பதிகத்தின் அடிகளும் மிகச் சிறியவை. வழக்கமான மழை, சோலை, வண்டு எதுவும் இல்லை. பசித்தவர்கள் காத்திருக்கும்போது வருணனைக்கு நேரமில்லை என்பது போல.

சுந்தரரைப் பற்றிப் பத்தாம் தேதி நான் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன் என்று இதைப் படித்தபின் தோன்றியது. எழுதியதைத் திரும்பப் பெறவில்லை. அவருடைய காசிலும் வாசி இருந்தது, வெண்பாக்கத்தில் அதை ஒப்புக்கொண்டார், ஆரூரில் மறுத்தார். நானும் அந்தப் புதுமனை விழாவில் குரலைத் தாழ்த்தி வாசியோடு ஒரு காசைத்தான் நீட்டினேன். வாங்க வேண்டியவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

மார்கழி 23

வள்ளலாரைக் கேட்கிறார் ஒருவர். சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அருட்பா மருட்பாப் பூசலுக்குள் போனால் திரும்பி வர நாளாகும். அந்தப் பூசலின் மையமும் நம் கேள்விதான்: உயிரோடு நம்மிடையே நடமாடும் ஒருவருடைய பாட்டுக்கு அருட்பா என்று பெயரிடலாமா? 1867இல் திருவருட்பா அச்சில் வெளிவந்தது. அதே 1867இல், மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. புத்தகத்தின் பெயரைப் பற்றி ஆறுமுக நாவலர் எழுப்பிய எதிர்ப்பு இன்று ஆய்வாளர்களின் பேச்சாகிவிட்டது. அடுப்பு இன்னும் எரிகிறது. போனால் இலை போடுகிறார்கள். வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன் என்ற அடியை அந்தப் பந்தியில் உட்கார்ந்து நினைத்தபோது எனக்கு அதில் எந்தச் சொல்லும் மிகையாகத் தோன்றவில்லை.

தை 2

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஓதுவாரின் மகளும் வந்திருந்தார். கோயில் கிணற்றுக்கு இப்போது மோட்டார் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் உருளையும் கயிறும் வாளியும் எடுக்கப்படாமல் இருக்கின்றன. கைப்பிடிக் கல்லில் பழைய கயிறு அறுத்த பள்ளம் இருக்கிறது. விரலை வைத்தால் முதல் கணு வரை உள்ளே போகிறது.

பாடுங்கள் அண்ணா என்றார். ஆறாம் பாட்டைத் தொடங்கினேன். இரண்டாம் அடியிலேயே நிறுத்திவிட்டார். "கொல்லியை அவசரப்படுத்துகிறீர்கள். அப்பா ஓர் அடிக்கு ஒரு வாளி. வாளி மேலே வந்து தொட்டியில் கவிழும் வரையில் 'மறந்தறியேன்' முடியாது" என்று சொல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நான்கு மறந்தறியேனுக்கு நான்கு வாளி. மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நான்காவதை அவர் ஒரு கை பிடித்தார்.